பாலத்தில் ஐந்து நிமிடம், வீட்டில் ஐந்து மாதம்: மன அழுத்தம் உடலுக்குள் என்ன செய்கிறது?

மலேசியப் பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு, பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பினாங்குப் பாலம் வீட்டு வாசலைப் போன்றது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைத் தினமும் இரண்டு முறை மோட்டாரில் கடப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், முன்னே போன லோரியின் டயரிலிருந்து பாய் அகலத்துக்கு ஒரு ரப்பர்ப் பட்டை உரிந்து என் எதிரே விழுந்தது. நான் வண்டியை ஒடித்திருக்கிறேன். ஒடித்த பிறகுதான் ஒடித்ததே எனக்குத் தெரிந்தது. தீவுப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தியபோது கை நடுங்கியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இதயம் அடிப்பது காதுக்குள்ளே கேட்டது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். நடுக்கம் தானாகவே அடங்கிற்று. ஏழு மணிக்குக் கேன்டீனில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறினேன். அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

அதே ஆண்டின் பிற்பாதியில், ஒப்பந்தத் தொழிலாளர்களில் யார் யாருக்கு வேலை நீடிக்கும் என்ற பட்டியல் ஐந்து மாதம் கழித்து வெளிவரும் என்று நான் அப்போது வேலை செய்த நிறுவனத்தில் அறிவித்தார்கள். இந்த முறை லோரியும் இல்லை, டயரும் இல்லை, என் உடம்பில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது, வயிறு எரிந்தது, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், அடுத்தடுத்து இரண்டு முறை சளி பிடித்தது. அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தை அளந்த தாதி, கையில் சுற்றிய பட்டையை அவிழ்க்காமலே சற்று நேரம் காத்திருந்து மறுபடியும் அளந்தார். இரண்டாம் முறையும் 152-க்கு 96 என்றே காட்டியது.

பாலத்தில் என்னைக் காப்பாற்றியதும் வீட்டில் என்னை வாட்டியதும் உடலின் ஒரே ஏற்பாடுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது, மற்றொன்றுக்கு முடிவே இல்லாமல் போயிற்று. மன அழுத்தத்தைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவையெல்லாம் அதைத் தொடர்ந்து வந்துவிடும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. டென்ஷன், ஸ்ட்ரெஸ், மன உளைச்சல், மன அழுத்தம் என்று நாம் பலவாறாகச் சொல்வது, நம் சக்திக்கு மேற்பட்டதாகத் தோன்றும் ஒரு கோரிக்கையை எதிர்கொள்ளும்போது உடலும் மனமும் அடைகிற நிலையை. நம் நாளிதழ்களிலோ, டிப்ரெஷன் எனப்படும் நோயையும் பல வேளைகளில் மன அழுத்தம் என்றே எழுதிவிடுகிறார்கள். அந்த நோய்க்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. இரண்டும் உறவுடையவைதாம். நீண்ட அழுத்தம் சிலரை மனச்சோர்வில் கொண்டுபோய்த் தள்ளும். ஆயினும் ஒன்று நோய், மற்றது எல்லோருக்கும் நேரும் நிலை. இந்தக் குழப்பத்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று வீட்டில் இருந்துவிடுகிறார். அதனால்தான் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே நான் மன அழுத்தம் என்று எழுதுவதெல்லாம் ஸ்ட்ரெஸ் என்ற பொருளில் மட்டுமே.

அழுத்தம் வந்ததும் உடலில் என்ன நடக்கிறது என்பதை நம் பேச்சுவழக்கு வெகு காலமாகக் கவனித்து வைத்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம், நெஞ்சு படபடத்தது என்கிறோம், நா வறண்டது, கை கால் உதறியது, மயிர் கூச்செறிந்தது என்கிறோம். இவற்றில் ஒன்றுகூட வெறும் அலங்காரம் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே கருவியைக் கொண்டு பூனைகளின் இரைப்பை எப்படி அசைந்து உணவை அரைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பூனை மிரண்டாலோ சினந்தாலோ அந்த அசைவு அப்படியே நின்றுவிடுவதைக் கண்டார். புளியைக் கரைப்பது என்று நாம் சொல்வதன் ஒரு பகுதி அதுதான். வயிறு தன் வேலையை நிறுத்திவிடுகிறது, அங்கே போக வேண்டிய இரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. ஆபத்தைக் கண்ட விலங்கு ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும் அல்லது ஓடித் தப்ப வேண்டும், அந்த இரண்டுக்கும் உடலை ஆயத்தப்படுத்துவதே இந்த மாற்றங்களின் நோக்கம் என்று கேனன் 1915-இல் விளக்கினார்.

அந்த ஆயத்தம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கண்ணில் பட்ட ஆபத்தை மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி இனங்காண்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள, நிதானித்து யோசிக்கும் பகுதி விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்பே அது ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. ஹைப்போதலாமஸிலிருந்து முதுகுத்தண்டின் வழியே ஓடும் பரிவு நரம்புகள், சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, அவற்றின் உட்பகுதியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சுக்குழாய் விரிகிறது, கண்ணின் பாவை அகல்கிறது, ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடுகிறது, உமிழ்நீர் குறைகிறது, காயம் பட்டால் இரத்தம் விரைவில் உறைவதற்கும் ஏற்பாடாகிறது. இவ்வளவும் ஓரிரு நொடிகளில் தொடங்கிவிடும். வண்டியை ஒடித்த பிறகே ஒடித்தது எனக்குத் தெரிந்ததற்கு இதுவே காரணம். அட்ரினலின் இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதில்லை, சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கை நடுக்கம் தானாக அடங்கியதும் அதனால்தான்.

இதற்குப் பின்னால் மெதுவான இரண்டாம் அலை ஒன்று வருகிறது. ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரந்து அருகிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது பயணம் செய்து அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியை அடைந்ததும் கார்ட்டிசோல் சுரக்கிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாகக் கைமாறுவது போன்ற இந்த வழியில் கார்ட்டிசோல் உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். சர்க்கரை தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும், வீக்கத்தையும் நோய் எதிர்ப்புச் செயல்களையும் அடக்கி வைப்பதும் அதன் வேலைகள். இந்த ஏற்பாட்டின் மிக நேர்த்தியான பகுதி என்று நான் கருதுவது அது அணையும் விதம். சுரந்த கார்ட்டிசோலே இரத்தத்தின் வழியே மூளைக்குத் திரும்பி வந்து, ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது. முடித்துக்கொள்ளும் வழியையும் உடல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கார்ட்டிசோல் என்றாலே நஞ்சு என்பதுபோல் இப்போது கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளில் பேசுகிறார்கள். அது தவறு. காலையில் நாம் படுக்கையை விட்டு எழுவதற்கே அது வேண்டும். ஒவ்வொரு நாளும் அதிகாலையில் அது ஏறி, விழித்தெழுந்த அரை மணி நேரத்தில் இன்னும் சற்று உயர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைந்து நள்ளிரவையொட்டி மிகக் கீழே போகிறது. எங்கள் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் செய்கிறவர்களின் சிரமங்களில் பாதி, உடல் இந்தத் தாளத்தில் இறங்கும் நேரத்தில் அதை ஏறச் சொல்வதால் வருவது.

அப்படியானால் தீங்கு எங்கிருந்து வருகிறது? 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் வந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது யாரும் தரையைப் பெருக்குவதில்லை, சுவரின் விரிசலைப் பூசுவதில்லை, மறுநாள் சமையலுக்கு அரிசி களைவதில்லை. கைக்குழந்தையையும் வயதானவர்களையும் அடையாள அட்டைகளையும் மேலே ஏற்றுவதே அந்த நேரத்து வேலை. அழுத்த நேரத்தில் உடலும் இதையே செய்கிறது. செரித்தல், வளர்தல், பழுது பார்த்தல், கிருமியோடு போராடுதல், இனப்பெருக்கம் ஆகிய அன்றாட வேலைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எல்லாக் கைகளையும் ஒரே வேலைக்கு அனுப்புகிறது. ஓர் இரவுக்கு இது மிகச் சரியான முடிவு. தண்ணீர் வடிந்த பிறகும், 'வெள்ளம் வருகிறது' என்று ஐந்து மாதம் யாராவது கத்திக்கொண்டே இருந்தால் அந்த வீடு என்னவாகும்? வெள்ளத்தால் விழாத வீடு, பெருக்காமலும் பூசாமலும் இருந்ததாலேயே விழுந்துவிடும்.

இதைச் சோதனைக்கூடத்தில் முதலில் தெளிவாகக் கண்டவர் கனடாவின் மோன்ட்ரியால் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், மிகையான உழைப்பு, மருந்துகளின் நச்சு என்று முற்றிலும் வேறுபட்ட துன்பங்களுக்கு ஆளான எலிகளின் உடலில், அட்ரினல் சுரப்பி பெருத்தல், நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்குதல், இரைப்பையில் புண் உண்டாதல் என்ற ஒரே மாதிரியான மாற்றங்கள் தோன்றியதை அவர் 1936-இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். முதலில் உடல் திடுக்கிடுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, துன்பம் ஓயாவிட்டால் இறுதியில் தளர்கிறது என்று மூன்று கட்டங்களாக அதை விவரித்தார். மூன்றாம் கட்டம் பற்றிய அவருடைய கருத்து பிற்காலத்தில் திருத்தப்பட்டது. ஹார்மோன் தீர்ந்துபோவதால் வரும் கேடு அன்று அது, ஹார்மோன் ஓயாமல் வேலை செய்வதால் வரும் தேய்மானம் என்பதே இன்றைய புரிதல். அந்தத் தேய்மானத்தின் மொத்தச் சுமைக்கு ஒரு பெயர் வைத்து 1993-இல் விளக்கியவர்களில் ஒருவர் நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன். நினைவுகளைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி கார்ட்டிசோல் வகை ஹார்மோன்களை ஏற்றுக்கொள்கிறது என்பதை எலிகளில் 1968-இலேயே கண்டறிந்தவரும் அவரே. கார்ட்டிசோலிடமிருந்து 'போதும்' என்ற செய்தியை வாங்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. நீண்ட அழுத்தம் அந்த இடத்தையே நலியச் செய்வதால், அணைக்கும் வழியும் மெல்ல மெல்லப் பழுதாகிறது. 'இப்போதெல்லாம் எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை' என்று கவலையில் இருக்கும் ஒருவர் சொன்னால் அது சாக்குப்போக்காக இருக்க வேண்டியதில்லை.

ஓயாத அழுத்தத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்தே நின்று குழாய்ச் சுவர்களைப் பாதிக்கிறது. ஈரல் வெளியே விட்ட சர்க்கரையைச் செலவழிக்க ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கவலைப்படுகிறோம். இன்சுலினுக்கு உடல் பணிவது குறைகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. மலேசிய இந்தியர்களிடையே இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு மற்ற இனத்தாரைக் காட்டிலும் கூடுதலாக இருப்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. அதற்கு உணவும் மரபும் உடலுழைப்புக் குறைவும் காரணங்கள் என்றாலும், ஏற்கெனவே எண்ணெய் ஊற்றி வைத்த திரியில் அழுத்தமும் பொறியாக விழுகிறது. சளி பிடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவினரும் நலமாக இருந்த 394 பேரின் மூக்கில் சளிக் கிருமிச் சொட்டுகளை இட்டுத் தனிமையில் வைத்துப் பார்த்தபோது, கூடுதலான அழுத்தத்தில் இருப்பதாக முன்பே சொன்னவர்களுக்கு நோய் கண்டதும் கூடுதலாகவே இருந்தது. 1991-இல் வெளிவந்த அந்த முடிவை வாசித்தபோது என்னுடைய இரண்டு சளிகளும் நினைவுக்கு வந்தன.

ஒரு நம்பிக்கையை மட்டும் இங்கே திருத்த வேண்டும். வயிற்றுப் புண் கவலையால்தான் வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள், 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அழுத்தம் புண்ணை வளர்க்கலாம், ஆறவிடாமல் தடுக்கலாம். ஆனால் கிருமிக்கு மருந்து உண்டு, அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடாமல் 'கவலையை விட்டால் சரியாகிவிடும்' என்று இருப்பது பிழை.

ஆறவிடாமல் தடுப்பது என்பதை என் அக்காவின் கையில் பார்த்தேன். அக்கா நான்கு ஆண்டுகளாகத் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மாவுக்கு மறதி நோய். இரவில் எழுந்து, எப்போதோ விட்டு வந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் புறப்படுவார். வாளி எங்கே என்று கேட்பார். அக்கா கதவருகே பாய் விரித்துப் படுக்கிறாள். ஒருநாள் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து அவளுடைய மணிக்கட்டுக்கு மேல் ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண். வாரங்கள் கடந்தன, ஓரம் காய்வதும் நடுவில் மறுபடி ஈரம் கசிவதுமாகவே இருந்தது. இனிப்பு நீராக இருக்கும் என்று பயந்து பரிசோதித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது. ஒரு புண்ணுக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏறக்குறைய அக்காவுக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், பராமரிப்பாளர்களுக்கு ஆற ஏறக்குறைய 49 நாள் எடுத்தது. வீட்டைப் பூச வேண்டிய கைகள் வேறெங்கோ நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதுவரை சொன்னது உடலைப் பற்றியது. ஆனால் எது ஆபத்து என்று உடலுக்குச் சொல்வது யார்? லோரி டயர் எல்லோருக்கும் ஆபத்துதான். வேலை நீடிப்புப் பட்டியல் அப்படி அன்று. அதே பட்டியலுக்காகக் காத்திருந்த என் நண்பர் ஒருவர், போனால் போகட்டும், மச்சானோடு சேர்ந்து சுங்கை பட்டாணியில் பட்டறை வைக்கலாம் என்று இருந்தார். இரவில் நன்றாகத் தூங்கினார். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984-இல் தந்த விளக்கம் இதைப் புரியவைக்கிறது. ஒரு நிகழ்வை எதிர்கொள்ளும் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது: இதனால் எனக்கு ஏதாவது கேடு உண்டா? உண்டென்றால் அதைச் சமாளிக்க என்னிடம் வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வரும்போதுதான் அழுத்தம் கடுமையாகிறது. ஆகவே, 'எனக்கு வராத டென்ஷன் உனக்கு மட்டும் ஏன் வருகிறது' என்று கேட்பதில் நியாயமில்லை. கேட்பவர் கையில் இருக்கும் வழி மற்றவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.

வழி இருக்கிறது என்ற உணர்வுக்கு எவ்வளவு வலிமை என்பதை ஜே வெயிஸ் என்ற உளவியலாளர் எலிகளைக் கொண்டு 1970-களையொட்டிச் செய்த சோதனைகள் காட்டின. இரண்டு எலிகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே அளவில் மின்னதிர்ச்சி. ஆனால் அதை நிறுத்தும் சக்கரம் ஒன்றிடம் மட்டும் இருந்தது. இரண்டும் பட்ட வலி ஒன்றே என்றாலும், சக்கரம் இல்லாத எலிக்கே வயிற்றுப் புண் மிகுதியாக வந்தது. அதிர்ச்சிக்கு முன் எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளும் குறைவாகவே பாதிக்கப்பட்டன, ஏனென்றால் ஒலி கேட்காத நேரமெல்லாம் அவற்றுக்கு ஓய்வு நேரமாயிற்று. மனிதர்களிடமும் இதன் சாயலைக் காணலாம். லண்டனில் 10,308 அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், தங்கள் வேலையின் மீது தங்களுக்குக் கட்டுப்பாடு குறைவு என்றவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. மேலதிகாரிக்குத்தான் அழுத்தம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். எப்போது கழிப்பறைக்குப் போகலாம் என்பதைக்கூடத் தான் முடிவு செய்ய முடியாத உற்பத்தி வரிசைத் தொழிலாளியைப் பற்றி அவ்வளவாக நினைப்பதில்லை. நான் அந்த வரிசையில் நின்றவன் என்பதால், இந்த ஆய்வை வாசித்த அன்று வெகு நேரம் வேறெதையும் வாசிக்க முடியவில்லை.

சமாளிப்பது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. லாசரஸும் ஃபோக்மனும் சமாளிப்பை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, பிரச்சினையின் மீதே கை வைப்பது: வேறு வேலைக்கு விண்ணப்பிப்பது, கடனைத் தவணை மாற்றிக் கேட்பது, சண்டையை உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. மற்றது, பிரச்சினையால் எழும் உணர்வைத் தணிப்பது: அழுவது, தோழியிடம் சொல்வது, சாமி கும்பிடுவது, மூச்சை நிதானப்படுத்துவது. எது உயர்ந்தது என்பது தவறான கேள்வி. மாற்றக்கூடியதை மாற்ற முயலாமல் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பதும் பயனில்லை, மாற்ற முடியாத மறதி நோயோடு மல்லுக்கு நிற்பதும் பயனில்லை. பெரும்பாலான துன்பங்களில் இரண்டும் கலந்திருக்கின்றன. எந்தப் பகுதி எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கடினமான வேலை, அதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது எளிதாக்கும். எனக்குப் பட்டியலின் முடிவு என் கையில் இல்லை, ஆனால் பட்டியல் வருமுன் குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்கான சான்றிதழ் வகுப்பில் சேர்வது என் கையில் இருந்தது. வகுப்பில் சேர்ந்த வாரமே, எதுவும் மாறாமலே, மூன்று மணி விழிப்பு குறைந்தது.

மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உடலுக்குள் செல்ல நேர்வழி ஒன்று இருக்கிறது. இதயத் துடிப்பு நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது, மூச்சு கட்டுப்படும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்ற நரம்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது. வெளிமூச்சை நீட்டினால் அந்த நரம்பு வேலை செய்யும் நேரமும் நீள்கிறது. இத்தாலியில் 23 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலை சொன்னபோதும் மந்திரம் ஒன்றைத் திரும்பத் திரும்ப உச்சரித்தபோதும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற நிதானத்துக்கு இறங்கியதைக் கண்டார்கள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலயத்தில் ஜெபமாலை சொல்பவரும், வீட்டு விளக்கின் முன் தேவாரத்தை இழுத்துப் பாடும் பாட்டியும், தங்கள் நம்பிக்கையின் பயனோடு கூடவே, நீண்ட வெளிமூச்சின் பயனையும் பெறுகிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. நம்பிக்கை இல்லாதவர் நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால் போதும். பத்து நிமிடம் செய்தால் வித்தியாசம் தெரியும். ஒரே நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடப்பதும் இதே போன்றது. வெளியே விடப்பட்ட சர்க்கரைக்கு அது வேலை கொடுக்கிறது. 1884 முதல் இருக்கும் பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலையில் சுற்றுவதோ, தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறுவதோ, அதுவும் முடியாதவர் அடுக்குமாடியின் கீழே பத்துச் சுற்று நடப்பதோ, ஓடித் தப்பிக்க ஆயத்தமான உடலுக்கு அது எதிர்பார்த்த ஓட்டத்தைக் கொடுப்பதாகும்.

மதுவைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பாட்டில் என்பது நம் ஆண்கள் பலருக்கு அழுத்தத்தின் மருந்தாக இருக்கிறது. அது மூளையின் வேகத்தைக் குறைப்பது உண்மை, படுத்ததும் தூக்கம் வருவதும் உண்மை. ஆனால் மது உடலிலிருந்து இறங்கும்போது மூளை எதிர்த்திசையில் துள்ளுகிறது, பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது, மறுநாள் நேற்றைவிடக் கூடுதலான பதற்றத்தோடு விடிகிறது. அன்றைய மாலை இன்னொரு பாட்டில் தேவைப்படுகிறது. என் அப்பாவின் தலைமுறையில் தோட்டத்து லயங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தினால் அழிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்களாகப் பிறந்து குடித்தவர்கள் அல்லர். அணைக்க வழி தெரியாத நெருப்பின் மேல் கையில் கிடைத்ததை ஊற்றினார்கள்.

எந்த வழியும் பயன்படாத நிலையும் உண்டு. எதிலும் நாட்டமின்மை, தீராத துயரம், தூக்கமும் பசியும் கெடுதல், தன்னை ஒன்றுக்கும் ஆகாதவராக நினைத்தல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அது நான் முதலில் பிரித்துச் சொன்ன மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கிலேயே அதற்குரிய கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவையானால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும், 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணிலும் பேசலாம். தற்கொலைக்கு முயல்வது 2023-இல் மலேசியச் சட்டத்தில் குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வழக்கு வருமோ என்ற பயத்தில் உதவி கேட்காமல் இருந்தவர்களின் வீட்டாருக்கு இது தெரிய வேண்டும்.

அக்காவின் கதைக்குத் திரும்புகிறேன். மறதி நோயை யாராலும் மாற்ற முடியவில்லை. 'கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அண்ணி' என்று எல்லோரும் சொன்னார்கள், எப்போது, எப்படி என்று யாரும் சொல்லவில்லை. முடிந்தபோது வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுடைய கொழுந்தன் சொன்னதும் பயன் தரவில்லை. என்றைக்கு வருவான் என்று தெரியாமல் அக்கா வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் ஞாயிறு காலை எட்டு மணி வரை அம்மா கொழுந்தன் வீட்டில் என்று முடிவு செய்து, நாட்காட்டியில் ஆண்டு முழுவதற்கும் சிவப்பு மையால் வட்டம் போட்டோம். முதல் இரண்டு சனிக்கிழமைகளும் அக்கா தூங்கினாள், வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் லெபோ பசாருக்குப் போய்ச் சேலை பார்த்துவிட்டு வந்தாள், வாங்கவில்லை. சனிக்கிழமை எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "சனிக்கிழமைய விடுடா தம்பி, வெள்ளிக்கிழம சாயங்காலமே தோள் ரெண்டும் எறங்கிடுது" என்றாள். மாவு பிசைந்துகொண்டிருந்தாள், மணிக்கட்டுக்கு மேல் ஐம்பது காசு அளவுக்குத் தோல் புதிதாக, சற்று வெளிறி, வழவழப்பாக இருந்தது.